பழைய கருவூலக் கட்டடத்தில் தரையடிக் குளிர்சாதன வசதி கோரும் மனு

அனுப்புநர்
பழைய கருவூலக் கட்டட அலுவலகப் பணியாளர்கள்

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்

பொருள்: சுவரைத் துளைத்து ஏசி பொருத்தும் திட்டத்தைக் கைவிட்டு, கீழ்த்தளக் கூடத்தில் தரையடிக் குளிர்சாதனம் அமைத்துத் தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் கட்டடத்தின் 18 அடி உயரக் கூடத்தில் ஃபால்ஸ் சீலிங் அடித்து, சுவர்தோறும் ஸ்பிளிட் ஏசி மாட்ட மதிப்பீடு தயாராகி வருவதாக அறிகிறோம். ஏசியே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. சித்திரை வெயிலில் அங்கே உட்கார்ந்து கோப்பு பார்ப்பவர்கள் நாங்கள்தான். அதை மாட்டும் விதம்தான் எங்கள் கவலை.

பதிவறையில் முன்பு ஓர் ஏசிக்காகப் போட்ட துளையைத் தாங்கள் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். ஓரங்களைச் சிமென்டால் பூசிவிட்டுப் போனார்கள். சுண்ணாம்புக் காரை ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமென்ட் அதை அடைத்துவிடும். இன்று சிமென்ட் வட்டம் மட்டும் கெட்டியாக நிற்க, சுற்றியுள்ள காரை விரல் பட்டாலே உதிர்கிறது. ஏசியின் தண்ணீர்க் குழாய்க்குக் கீழே சுவரில் பாசி. அதையொட்டி அடுக்கிய பதிவேடுகளின் ஓரங்கள் உப்பிப் போயிருக்கின்றன.

தரையடி முறையில் சுவரைத் தொட வேண்டியதில்லை. இருக்கும் கல் தளத்தின்மேல் குட்டையான இரும்புக் கால்களை நிறுத்தி, கழற்றி மாட்டும் பலகைகளைப் பரப்புவார்கள். இடைவெளியில் பரவும் குளிர்காற்று, மேசையருகே உள்ள துவாரங்கள் வழியாக மெல்ல எழும். சூடேறிய காற்று தானே உத்தரத்துக்கு ஏறிவிடும். ஆளுயரம்வரை குளிர்ந்தால் போதும் என்பதால், மேலிருந்து குளிர்விக்கும் வழக்கமான முறையில் சுமார் 13 டிகிரி செல்சியஸில் அனுப்பும் காற்றை, இதில் 17, 18 டிகிரியில் அனுப்பலாம். கணினிக் கம்பிகளையும் பலகைக்கடியிலேயே கொண்டுபோகலாம். 1986இல் திறக்கப்பட்ட லண்டன் லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தைக் கட்டடத்தில் பயன்படுத்திய முறைதான் இது. புதிய சோதனை அல்ல.

ஆனால் மாடியில் இது வேண்டாம். தேக்கு உத்தரத்தின்மேல் செங்கல்லைக் குத்துவாக்கில் அடுக்கிச் சுண்ணாம்பில் பிடித்த மெட்ராஸ் தளம் அது. கூடுதல் பாரத்தை ஏற்றிப் பார்க்கக் கூடாது. கீழ்த்தளத்திலும் இரும்புக் கால்களைக் கல்லில் ஆணியடித்தோ பசை போட்டோ பதிக்காமல், விரிப்பின்மேல் நிறுத்தச் சொல்ல வேண்டும். நம் ஊர்க் காற்றின் ஈரத்தைப் பிழிந்தெடுத்த பிறகே பலகைக்கடியில் விட வேண்டும். இல்லாவிட்டால் கல் வியர்த்து, கம்பிகள் நனையும். தளம் உயர்வதால் வாசலில் சாய்தளம் அவசியம். நேர்காணலுக்கு வரும் ஓய்வூதியர்களில் பாதிப் பேர் கைத்தடியோடு வருகிறார்கள்.

பலகைக்கடியில் புகை உணர்கருவி வைப்பதைச் செலவு என்று வெட்டிவிட வேண்டாம். 2012 ஜனவரியில் சென்னை சேப்பாக்கம் அரண்மனையின் பகுதியான கலச மகால் எரிந்ததையும், ஒரு தீயணைப்பு அதிகாரி உயிரிழந்ததையும் தமிழ்நாடு மறக்கவில்லை. அந்த மகாலைப் பின்னர் மீட்டெடுத்த அனுபவம் பொதுப்பணித் துறைக்கு உண்டு.

எனவே, அத்துறையின் பாரம்பரியக் கட்டடப் பொறியாளர்கள் இங்கு வந்து ஆய்வு செய்து அறிக்கை தரும்வரை ஒப்பந்தப்புள்ளி கோராமல் நிறுத்திவைக்க ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பணியாளர்கள்

இணைப்பு: பதிவறைச் சுவரின் புகைப்படங்கள்