எனக்காக எடை பார்த்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

கும்பகோணம் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டையே ஒதுக்க வைக்கும் அனரெக்சியா என்கிற மனநோயிலிருந்து மீண்டு வருகிறேன். முழுசாகக் குணமாகிவிட்டது என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. ஆனால் கல்லூரிக்குத் திரும்பிவிட்டேன், மதியச் சாப்பாட்டைத் தோழிகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறேன், ராத்திரி தூக்கம் வருகிறது. இதற்குக் காரணமானவர்களில் பாதிப் பேரிடம் நேரில் நன்றி சொல்லப் போனால் "அட, இதுக்கெல்லாமா" என்று பேச்சை மாற்றிவிடுவார்கள். அதனால்தான் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன். இதே நோயோடு கையில் காசில்லாமல் தவிக்கும் வீடு ஏதாவது இருந்தால், அவர்களுக்கும் இதில் ஒன்றிரண்டு விஷயம் உதவும்.

அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு டாக்டரிலிருந்து தொடங்குகிறேன். அவரிடம் போவதற்கு முன்னால் வேறு ஒருவரிடம் காட்டினோம். "வயசுப் பொண்ணு டயட்டு இருக்கா, கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்று டானிக் எழுதிக் கொடுத்தார். இன்னோர் இடத்தில் சொன்ன கட்டணத்தைக் கேட்டு அம்மா தாலிச் சங்கிலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு, ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி. எதற்கும் காசில்லை. டாக்டர் என்னைத் திட்டவும் இல்லை. "எல்லாம் இந்த செல்போனால வந்தது" என்று அப்பா ஆரம்பித்தபோது, செல்போன் வருவதற்கு ரொம்ப முன்பே, 1873லேயே லண்டனில் வில்லியம் கல் என்பவரும் பாரிஸில் லசேக் என்பவரும் இந்த நோயைப் பற்றி எழுதிவிட்டார்கள் என்று சொன்னார். அப்பா அதற்கப்புறம் என் போனைக் குறை சொன்னதே இல்லை.

இன்னொன்றும் சொன்னார் டாக்டர். இரண்டாம் உலகப் போர் முடியும் சமயத்தில், 1944-45ல், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு நடந்தது. போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்து ஆறு மாதம் அரைவயிறாக இருந்தார்கள். உடம்பிலும் மனசிலும் எந்தக் குறையும் இல்லாதவர்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள் அவர்கள். போகப் போகச் சோற்றைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனது. சமையல் புத்தகங்களைப் படித்துக்கொண்டே இருந்தார்கள், ஒரு வாய்ச் சாப்பாட்டை வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தார்கள், எரிந்து விழுந்தார்கள், யாரோடும் சேராமல் ஒதுங்கினார்கள். கேட்கக் கேட்க என்னையே யாரோ விவரிப்பது போலிருந்தது. பட்டினியே மூளையை இப்படி ஆக்கிவிடும் என்றால், நான் கெட்டவளும் இல்லை, திமிர் பிடித்தவளும் இல்லை. டாக்டர், நீங்கள் தந்த மருந்துகளில் முதலில் வேலை செய்தது இந்தக் கதைதான்.

சிகிச்சைக்கு எடை தெரிந்தாக வேண்டும். நெடுநாள் பட்டினி கிடந்த உடம்புக்குச் சாப்பாட்டைத் திடீரென்று கூட்டினால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சட்டென்று இறங்கி இதயத்துக்கே ஆபத்தாகிவிடும். அதனால் எவ்வளவு சாப்பிடுகிறேன், உடம்பு எப்படி ஏற்கிறது என்று வாராவாரம் பார்க்க வேண்டும். ஆனால் என்னைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்ததே அந்த எண்தான். கண்ணில் படும் எடை மெஷினில் எல்லாம் ஏறிக்கொண்டிருந்தவள் நான். எண் ஏறினால் சாப்பாட்டைக் குறைப்பேன், இறங்கினாலும் குறைப்பேன். அதனால் எடை எழுதப்பட வேண்டும், ஆனால் எனக்குத் தெரியக் கூடாது என்று டாக்டர் முடிவு செய்தார். எல்லோருக்கும் இப்படித்தான் என்பதில்லை. சிலருக்கு வாரம் ஒரு முறை டாக்டரோடு உட்கார்ந்து எண்ணைப் பார்த்துப் பழகுவதே சிகிச்சை என்றும் சொன்னார். எனக்கு அப்போது மறைப்பதுதான் சரியாக இருந்தது.

வாரா வாரம் மருத்துவமனைக்குப் போய் வருவதென்றால் இரண்டு பேருக்கு பஸ் செலவு, அதோடு அப்பாவுக்கு ஒரு நாள் கூலியும் போகும். வீட்டுக்கே ஒரு எடை மெஷின் வாங்கலாம் என்றால், அது ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும்தான், ஆனால் அது வீட்டில் இருக்கக் கூடாது என்பதுதானே விஷயம். அப்போதுதான் மருத்துவமனையின் சமூகப் பணியாளர் அக்கா "உங்க ஊர் துணை சுகாதார நிலையத்துல நர்ஸ் இருப்பாங்களே" என்று கேட்டு, அப்போதே போன் போட்டுப் பேசினார்.

நர்ஸ் அக்கா, இந்த மடலில் பாதி உங்களுக்குத்தான்.

புதன்கிழமை தடுப்பூசி நாள். கைக்குழந்தைகளோடு அம்மாக்கள் வந்துவிட்டால் உங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. நீங்கள் நிலையத்திலேயே குடியிருப்பதால், கோலம் போட்ட கையோடு எனக்காகக் கதவைத் திறந்து வைத்திருப்பீர்கள். முதலில் பாத்ரூமுக்குப் போய்வரச் சொல்வீர்கள். ஒவ்வொரு வாரமும் அதே மஞ்சள் சுடிதார், செருப்பு கிடையாது, துப்பட்டா கிடையாது, வளையல் கிடையாது. மெஷின் பழையது, முள் காட்டுகிற வகை. பக்கத்து மளிகைக் கடை அண்ணாச்சியிடமிருந்து முத்திரை குத்திய பத்துக் கிலோ எடைக்கல் இரண்டை வாங்கி வந்து முதலில் அதன் மேல் வைப்பீர்கள். முள் இருபதில் நின்றால்தான் நான் ஏறலாம். நிற்காவிட்டால் குனிந்து அந்தச் சின்னத் திருகைத் திருப்பிச் சரிசெய்துவிட்டு மறுபடி கல்லை வைப்பீர்கள். புது மெஷின் கேட்டு யாருக்கும் எழுதிப் போடவில்லை. இருப்பதை நம்பும்படி ஆக்கினீர்கள். அண்ணாச்சி, வாரா வாரம் வியாபார நேரத்தில் கல்லைக் கொடுத்துவிட்டு, எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காத உங்களுக்கும் நன்றி.

நான் திரும்பி நிற்பேன். முள் குதிகால் பக்கம் போய்விடும். "கீழ குனியாத, எதிர்ல சுவத்தைப் பாரு" என்பீர்கள். எதிரே தடுப்பூசி அட்டவணை ஒட்டியிருக்கும். பென்டாவேலன்ட் ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினாலாவது வாரம் என்று எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. நீங்கள் எழுதும் சத்தம் கேட்கும். உங்கள் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று தேடுவேன். ஒன்றும் தெரியாது. வீட்டு ஆடு குட்டி போட்டதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே நோட்டை மூடி பீரோவில் வைத்துப் பூட்டுவீர்கள். அப்புறம் படுக்க வைத்து நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் பார்ப்பீர்கள், எழுப்பி நிற்க வைத்து மறுபடி பார்ப்பீர்கள். எடை மட்டும் பார்த்தால் போதாது, எடை ஒழுங்காக இருக்கும்போதே இதயம் தளர்ந்திருக்கலாம், பொட்டாசியம் குறைந்திருக்கலாம் என்று எனக்குப் புரியும்படி சொன்னதும் நீங்கள்தான்.

அந்தக் கணக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் சமூகப் பணியாளர் அக்காவுக்குப் போகும். அங்கிருந்து எங்களுக்கு வருவது ஒற்றை வரி: "இப்படியே போகட்டும்" அல்லது "சாயங்காலச் சாப்பாட்டைக் கொஞ்சம் கூட்டுங்கள்". அவ்வளவுதான். ஒரு கிலோ ஏறியதா, அரைக் கிலோ இறங்கியதா என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்த கணக்கு, விடை கிடைக்காமலே மெல்ல அடங்கியது. உப்பு, தண்ணீர், மலச்சிக்கல், மாதவிலக்கு இவற்றாலேயே ஒரே நாளில் உடம்பு ஒரு கிலோவுக்கு மேல் ஏறி இறங்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்கு அந்த எண்ணைப் பார்த்திருந்தால் இதை யார் சொல்லியும் நம்பியிருக்க மாட்டேன்.

எடை பார்த்த கையோடு அங்கேயே டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட வேண்டும் என்பது உங்கள் சட்டம். நான் இட்லியை விண்டு விண்டு வைத்துக்கொண்டிருந்தால் நீங்களும் உங்கள் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்துவிடுவீர்கள். முதல் குழந்தை ஊசிக்கு வந்து அழத் தொடங்கிய பிறகும் நீங்கள் எழுந்து போகாமல் "இவ ஒரு வாய் முடிக்கட்டும், வர்றேன்" என்று சொன்ன காலை ஒன்று உண்டு. அந்தக் குழந்தையின் அம்மாவுக்கும் நன்றி. அவர் சிரித்துக்கொண்டே காத்திருந்தார்.

தையல் அக்கா, உடம்பு தேற ஆரம்பித்ததும் துணி எல்லாம் இறுக்கிப் பிடித்தது. புதுத் துணி எடுக்கக் காசும் இல்லை, கடைக்குப் போய் அளவு சொல்லும் தைரியமும் இல்லை. நீங்கள் இன்ச் டேப்பை எடுக்கவே இல்லை. இருக்கும் சுடிதாரைப் போட்டுக்கொண்டு வரச் சொல்லி, இரண்டு விரலை உள்ளே விட்டுப் பார்த்து, பக்கத் தையலைப் பிரித்து, உள்ளே மடித்திருந்த துணியை வெளியே விட்டுத் தைத்துக் கொடுத்தீர்கள். துணி போதாத இடத்தில் அக்குளில் சின்னதாக ஒட்டுப் போட்டீர்கள், அதே நிறத்தில் தேடி எடுத்து. கூலி கேட்டால் "எல்லாம் சேர்த்து அப்புறம் வாங்கிக்கறேன்" என்பீர்கள். இன்னும் வாங்கவில்லை. நோயிலிருந்து தேறி வருகிறவர்களுக்குத் துணி இறுக்கிப் பிடிப்பது எவ்வளவு பெரிய வேதனை என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அந்த வாரங்களில் நான் சாப்பாட்டை நிறுத்தாமல் இருந்ததற்கு உங்கள் தையலும் ஒரு காரணம்.

பாட்டியைச் சொல்லாமல் இருக்க முடியாது. எங்கள் ஊரில் பட்டினி கிடக்க நல்ல சாக்கு விரதம். வெள்ளி, சஷ்டி, ஏகாதசி, பிரதோஷம் என்று நான் அடுக்கிக்கொண்டே போனபோது பக்தி என்று எல்லோரும் பாராட்டினார்கள். நோய் என்ன என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு ராத்திரி பாட்டி என்னைப் பூஜை அலமாரி முன்னால் உட்கார வைத்து, "இவ பேர்ல இருக்கற விரதத்தை எல்லாம் இனிமே நான் இருக்கேன் முருகா, இவளை விட்டுடு" என்று சத்தமாகச் சொன்னாள். அதற்கப்புறம் எந்த சஷ்டியும் எனக்குச் சாக்காகவில்லை. நான் சாப்பிடாமல் இருந்தால் பாட்டியின் வேண்டுதல் பொய்த்துவிடும் அல்லவா?

கும்பகோணம் பஸ் ஸ்டாண்டு வாசலில் எடை மெஷினோடு உட்கார்ந்திருக்கும் தாத்தாவுக்கு: ஒரே நாளில் மூன்றாம் தடவை நான் காசை நீட்டியபோது, "காலைல பார்த்தியே பாப்பா, அதேதான் இருக்கும், போ" என்று காசைத் திருப்பிக் கொடுத்தீர்கள். உங்களுக்கு அது பிழைப்பு. ஆனாலும் வேண்டாம் என்றீர்கள். எனக்கு என்னவோ சரியில்லை என்று முதலில் கண்டுபிடித்தவர் நீங்கள்தான், தாத்தா.

அத்தை, சித்தப்பா மகள் கல்யாணத்தில் "இப்பத்தான் கொஞ்சம் பூசினாப்ல இருக்கே" என்று யாரோ ஆரம்பித்ததும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனீர்களே, அதற்கு நன்றி.

அம்மாவுக்கு எழுத உட்கார்ந்தால் முடியாது. டின்னில் வரும் விலை அதிகமான பவுடர் வாங்க வேண்டுமா என்று கேட்டதற்கு, வேண்டியதில்லை, ரேஷன் அரிசியும் பருப்பும், முட்டை, வேர்க்கடலை, வாழைப்பழம், சத்துமாவுக் கஞ்சி, எள்ளுருண்டை போதும் என்று மருத்துவமனை உணவியல் நிபுணர் சொன்னார். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். கிராம் கணக்கு கிடையாது, கரண்டிக் கணக்குதான். மூன்று வேளை, நடுவில் மூன்று தடவை. நான் தட்டைத் தள்ளிவிட்டு அழுத நாட்களில் அவள் தட்டும் அப்படியே ஆறிக் கிடக்கும். நான் ஒரு வாய் எடுத்தால்தான் அவளும் எடுப்பாள்.

ராத்திரி யாரையும் எழுப்ப மனசில்லாத நேரங்களில் 14416க்குப் போன் செய்திருக்கிறேன். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்கிற அரசின் மனநல உதவி எண் அது. காசு இல்லை, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். முகம் தெரியாத அந்தக் குரல்களுக்கும் நன்றி. ஆனால் மயக்கம், படபடப்பு, நெஞ்சுவலி என்றால் போனில் நேரம் போக்காமல் நேராக மருத்துவமனைக்கு ஓடுங்கள். டாக்டர் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது இது.

கடைசியாக அப்பா. பாத்திரப் பட்டறையில் எட்டு மணிக்குள் இருக்க வேண்டும். இருந்தும் ஒவ்வொரு புதனும் டி.வி.எஸ். 50ல் என்னை ஏற்றிக்கொண்டு போய், வாசலில் புங்க மரத்தடியில் நின்று, திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் போனீர்கள். தாமதத்துக்குப் பட்டறையில் பேச்சு வாங்கியது எனக்குத் தெரியும். நர்ஸ் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உங்களுக்கு எண்ணைச் சொல்லியிருப்பார்கள். பெற்ற அப்பா, கேட்க உரிமை உண்டு. உங்கள் முகத்தைப் பார்த்தே நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று நீங்கள் கேட்காமலே இருந்தீர்கள். இப்போது மாதத்துக்கு ஒரு தடவை எடை பார்த்தால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நம் ஊர் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டும் இல்லை. அடுத்த புதன் நானே போய்க்கொள்கிறேன் அப்பா, நீங்கள் நேரத்தோடு வேலைக்குப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் எல்லோருடைய பெண்