தவிர்க்கவில்லை, காத்திருந்தேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் தாய்சேய் நலக் கட்டுரையில் ஒரு வரி: "விழிப்புணர்வு இல்லாத பெண்கள் கர்ப்பகாலப் பரிசோதனைகளைத் தவிர்த்துவிடுகிறார்கள்." தவிர்த்துவிடுகிறார்களாம்! வேண்டாத விருந்தாளியைத் தவிர்ப்பது போல.

என் முதல் பிரசவத்தின்போது எனக்கு விழிப்புணர்வுக்குக் குறைச்சலே இல்லை. பட்டம், வேலை, மாதச் சம்பளம் எல்லாம் இருந்தது. எட்டாம் மாதத்தில் ஒரு காலை, தலைவலி மண்டையைப் பிளந்தது. கண்முன் பொட்டுப் பொட்டாக வெளிச்சம். முந்தின நாள் போட்ட செருப்பு காலில் ஏறவில்லை. இப்படி வந்தால் உடனே வரவும் என்று பரிசோதனை அட்டையின் பின்பக்கத்திலேயே அச்சடித்திருந்தது. வாய்விட்டுப் படித்தும் காட்டினேன். "எனக்கும் இப்படித்தான் இருந்தது, கொஞ்சம் படு" என்றார் மாமியார். கணவர் வேலையில். என் சம்பளம் விழும் ஏடிஎம் கார்டு அவர் பர்சில். போன் செய்தால், "சாயந்தரம் வந்து கூட்டிப்போகிறேன், அதுவரை அம்மா சொல்றபடி கேள்." கேட்டேன்.

ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ், "ஏம்மா இவ்வளவு லேட்?" என்றார். என்னிடம்தான் கேட்டார், பக்கத்தில் நின்ற இருவரிடம் இல்லை. அன்றிரவே அறுவை சிகிச்சை. நானும் குழந்தையும் பிழைத்தோம்.

உங்களுக்குத் தெரியாததா? செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்ற ஆய்வாளர்கள் இருவரும், கர்ப்பிணிக்குச் சிகிச்சை கிடைப்பதில் ஆகும் தாமதத்தை 1994-லேயே மூன்று தாமதங்கள் என்று பிரித்து எழுதிவிட்டார்கள். முதலாவது, போகலாமா என்று முடிவெடுப்பதில். அப்புறம்தான் வழியில் ஆகும் தாமதமும், போய்ச்சேர்ந்த இடத்தில் சிகிச்சை கிடைப்பதில் ஆகும் தாமதமும். உங்கள் கட்டுரையாளர் இரண்டாவதற்குச் சாலை கேட்கிறார், மூன்றாவதற்கு மருத்துவர் கேட்கிறார், முதலாவதற்கு மட்டும் சுவரொட்டி போதுமாம்.

பல நாடுகளில் எடுக்கப்படும் மக்கள்தொகை, சுகாதார ஆய்வில் பெண்களிடம் ஒரு கேள்வி உண்டு. உங்கள் மருத்துவம் பற்றி முடிவெடுப்பது யார், நீங்களா, கணவரா, சேர்ந்தா? அந்த வருடம் என்னைக் கேட்டிருந்தால் யோசிக்காமல் "சேர்ந்துதான்" என்றிருப்பேன். அடுத்த அறையில் மாமியார் இருக்க, வேறென்ன சொல்வது? அந்தக் கணக்கில் நான் அதிகாரம் பெற்ற பெண்ணாகவே சேர்ந்திருப்பேன். படித்த பெண்கள் அதிகமாக ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள் என்பது உண்மைதான், மறுக்கவில்லை. என் படிப்பு என்னை வாசல்வரை கொண்டுவந்தது. வாசலைத் தாண்ட ஆள் வர வேண்டியிருந்தது.

கர்ப்பகாலத்தில் குறைந்தது 8 முறை பார்க்க வேண்டும் என்று 2016-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னதைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். சரி. எட்டு முறை என்றால் எட்டு நாள் லீவு, எட்டு முறை வண்டிக்காசு, எட்டு முறை "போன மாசம்தானே போயிட்டு வந்தே?" இதற்கு எந்த எழுத்து?

சொல்ல ஆரம்பித்தால் இன்னும் இருக்கிறது. தாய்மை பற்றி எழுதும்போதெல்லாம் வயிற்றை மட்டும் படம் போடுகிறீர்கள், அந்த வயிற்றுக்கு மேலே ஒரு முகம் இருப்பதாகவே தெரிவதில்லை. பிரசவம் முடிந்து 42 நாட்களுக்குள் கர்ப்பம், பிரசவம் தொடர்பாக இறந்தாலும் அது தாய்மரணம்தான். உங்கள் பக்கங்களிலோ குழந்தை பிறந்ததும் அம்மா காணாமல் போய்விடுகிறாள். இதைப் பற்றி இரண்டு வருடம் முன்பு இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். "கட்டுரை அருமை" என்ற முதல் வரியை மட்டும் அச்சிட்டீர்கள். மிக்க நன்றி.

இப்போது கேட்பது சின்ன விஷயம்தான். கடுமையான தலைவலி, பார்வை மங்கல், முகத்திலும் கையிலும் வீக்கம், ரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைவது ஆகிய அபாய அறிகுறிகளைப் பெட்டிச் செய்தியாக இன்னொரு முறை போடுங்கள். மகளிர் பக்கத்தில் வேண்டாம், அது எங்களுக்கு மனப்பாடம். விளையாட்டுப் பக்கத்தில் ஒன்று, தொடர்கதைக்குப் பக்கத்தில் ஒன்று. தலைப்பில் "கர்ப்பிணிகளே" என்று போடாமல் "வீட்டில் இருப்பவர்களே" என்று போடுங்கள்.

இடம் போதாவிட்டால் இந்தக் கடிதத்தைத் தாராளமாக வெட்டுங்கள். "கட்டுரை அருமை" என்று நான் இந்த முறை எழுதவில்லை என்பதை மட்டும் கவனிக்கவும்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகி