செவித்திறன் குறையுடைய குழந்தைகளின் பெற்றோர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் ஒரு தாய் எழுந்து, தம் மகனுக்கு எட்டு மாதங்களாகப் பேச்சுப் பயிற்சி அளித்தவர் அதற்குரிய படிப்பையே படிக்காதவர் என்று தெரியவந்ததைச் சொல்லி, லேமினேட் செய்த ஒரு சான்றிதழ் நகலை மேசைமேல் வைத்தார். கையொப்பமும் முத்திரையும் இருந்தன. தகுதி பெற்றோரைப் பதியும் மறுவாழ்வுப் பதிவேட்டின் எண் மட்டும் இல்லை. எந்தப் படிப்பு செல்லும், அதை யார் தீர்மானிக்கிறார்கள் என்ற அவருடைய கேள்விக்கு அன்று எவராலும் விடை சொல்ல இயலவில்லை. ஆகவே, ஆடியாலஜி (செவித்திறன் இயல்), ஸ்பீச் தெரபி (பேச்சுப் பயிற்சி) படிப்புகளுக்கு அங்கீகாரம் வழங்கும் முறை உருவான வரலாற்றுக்கே இவ்வாண்டின் மாதக் கூட்டங்களைச் செயற்குழு ஒதுக்கியது.

அமெரிக்காவில் இத்துறையினர் 1925-இல் தமக்கென ஒரு சங்கம் கண்டனர். இரண்டாம் உலகப் போரில் செவித்திறன் இழந்து திரும்பிய வீரர்களுக்கான சிகிச்சையின் வழியாக ஆடியாலஜி தனித்துறையாக வளர்ந்தது. படிப்புகளை மதிப்பிடும் பொறுப்பை அச்சங்கம் அமைத்த குழுக்களே ஏற்றன. அவற்றின் வழிவந்த இன்றைய அங்கீகாரக் குழு 1996-இல் செயல்படத் தொடங்கியது.

அங்கே தொழில் செய்வோரிடமிருந்து வளர்ந்த முறை, இங்கே அரசின் வழியாக வந்தது. மைசூருவில் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் 1965-இல் தொடங்கப்பட்டது; இந்திய மறுவாழ்வுக் கழகமோ 1986-இல்தான், அதுவும் பதிவு பெற்ற ஒரு சங்கமாகவே அமைந்தது. அதற்கான சட்டம் 1992-இல் நிறைவேறி, 1993 ஜூன் 22 அன்று கழகம் சட்டபூர்வ அமைப்பானது. எந்தப் பட்டம் செல்லும் என்று வரையறுப்பதும், கல்லூரிகளுக்கு ஆய்வாளர்களை அனுப்புவதும், தகுதி பெற்றோரின் பதிவேட்டைப் பேணுவதும் அதன் பொறுப்பாயின. பதிவின்றித் தொழில் செய்வோருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டம் கூறுகிறது. ஒரு குழந்தை பேச்சைக் கற்கும் பருவத்தைப் பறிகொடுப்பதற்கு இந்த அபராதம் ஈடாகாது என்பது என் உறுதியான கருத்து.

அங்கீகாரம் என்பது நடைமுறையில் என்ன என்பதை ஒரு கல்லூரியின் சிகிச்சைப் பிரிவுக்குச் சென்றபோது நேரில் கண்டோம். ஒரு குழந்தையின் செவித்திறனைச் சோதிக்கையில், பயிற்சி மாணவி ஒருவர் உதட்டசைவு தெரியாதபடி வாயைக் கையால் மறைத்து, 'ஆ', 'ஊ', 'ஈ', 'ம்', 'ஷ்', 'ஸ்' என்று ஒவ்வோர் ஒலியாகச் சொல்ல, கேட்டபோதெல்லாம் குழந்தை ஒரு பாசிமணியை டப்பாவில் போட்டது. 'ஸ்' ஒலிக்கு மட்டும் மணி விழவில்லை. பின்னாலிருந்த ஆசிரியை மாணவியின் கையைச் சற்றே விலக்கி, கை உதட்டை ஒட்டினால் அவ்வொலி மழுங்கிவிடும் என்றார். மறுமுறை மணி விழுந்தது. அந்த ஆசிரியை அங்கே இல்லாதிருந்தால், குழந்தைக்குக் கேட்கவில்லை என்றே குறிப்பில் ஏறியிருக்கும். கட்டடத்தையும் கருவிகளையும்விட, மாணவர் அருகில் அமர்ந்து திருத்தும் ஆசிரியர்கள் போதுமான அளவில் இருக்கிறார்களா என்பதையே ஆய்வாளர்கள் முதலில் பார்க்க வேண்டுமென நம் கூட்டம் ஒருமனதாகக் கருதியது.

பதிவேட்டு எண்ணைக் கழகத்தின் இணையதளத்தில் சரிபார்க்கும் முறையைத் தமிழில் அச்சிட்டு உறுப்பினர் அனைவருக்கும் வழங்கியுள்ளோம். அந்தத் தாயின் மகன் இப்போது பதிவு பெற்ற ஒருவரிடம் பயிற்சி பெற்று வருகிறான். அபராதத்தை உயர்த்தக் கோரும் தீர்மானத்தின் வரைவு இத்துடன் வைக்கப்பட்டுள்ளது. அதையும் இவ்வறிக்கையையும் ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.