சாவி எங்கள் பையில் இருக்கட்டும்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை பக்கத்துத் தொழிற்சாலைகளின் பிளான்ட் ஹெட்களுக்கும், உற்பத்தி மற்றும் பராமரிப்புப் பிரிவு மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஆட்டோமேஷன் வேலைகளை எடுத்துச் செய்யும் ஒரு சிறிய கான்ட்ராக்டரிடம் 14 வருடமாக எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசராக இருக்கிறேன். கேபிள் ட்ரே அடிப்பது, கேபிள் இழுப்பது, கேபிள் முனையில் கிளாண்ட் போட்டு லக் அடிப்பது, மெக்கர் வைத்து இன்சுலேஷனைப் பார்ப்பது, அப்புறம் புரோகிராமர் வந்து மெஷினை ஓட்டும் கம்ப்யூட்டரான பிஎல்சியை ஆன் செய்யும்போது பக்கத்தில் நிற்பது வரைக்கும் என் பொறுப்பு. உங்களில் பலர் என்னைப் பார்த்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஆறேழு பேரைக் கூட்டிக்கொண்டு உங்கள் கேட்டில் பாஸுக்காகக் காத்து நிற்பவன் நான்தான்.

ஒரே ஒரு விஷயம் கேட்கத்தான் இந்த மடல். நாங்கள் வேலை செய்யும் பேனலுக்கு, அதாவது மின்பெட்டிக்கு, கரண்ட் தரும் பிரேக்கரை எங்கள் பூட்டால் பூட்ட அனுமதியுங்கள். அந்தப் பூட்டின் சாவி, வேலை முடிந்து நாங்களே திறக்கும்வரை, எங்கள் பையில் இருக்கட்டும்.

போன மாதம் நடந்ததை எந்தத் தொழிற்சாலை என்று சொல்லாமல் சொல்கிறேன். எங்கே வேண்டுமானாலும் நடந்திருக்கக்கூடியது அது.

பழைய ரிலே பேனலைக் கழற்றிவிட்டுப் புது பிஎல்சி பேனலைப் பொருத்தும் வேலை. காலை 6 மணி முதல் மாலை 6 மணிவரை ஷட்டவுன் என்று வெள்ளிக்கிழமை மீட்டிங்கிலேயே பேசி முடித்திருந்தோம். நாங்கள் 5.45க்கே வந்துவிட்டோம். வேலையைத் தொடங்க அனுமதிக்கும் பெர்மிட்டில் கையெழுத்து விழும்போது மணி 8.15. இரண்டே கால் மணி நேரம் அங்கேயே போச்சு. சரி, அது பழகிப்போன விஷயம்.

எம்சிசி ரூமில், அதாவது மோட்டார்களுக்குக் கரண்ட் பிரித்துத் தரும் பிரேக்கர்கள் இருக்கும் அறையில், எங்கள் பேனலுக்குக் கரண்ட் கொண்டுவரும் ஃபீடரை ஆஃப் செய்தார்கள். என் பூட்டை எடுத்து நீட்டினேன். "வெளி ஆள் பூட்டு எங்க சிஸ்டத்துல கிடையாது" என்று சொல்லி பிளான்ட்டின் பூட்டைப் போட்டார்கள். அதன் சாவி ஷிப்ட் ஆபீஸ் பலகையில் தொங்கியது. நான் ஒரு தடவை கேட்டேன், இரண்டாவது தடவையும் கேட்டேன். மூன்றாவது தடவை கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டதற்காக இன்றைக்கும் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

எங்கள் ஹெல்பர் தம்பிக்கு 22 வயது. செய்யாறு பக்கத்துப் பையன், ஐடிஐ முடித்தவன். பேனலைத் திறந்ததும் நான் சொல்லிக்கொடுத்தபடியே செய்தான். முதலில் மல்டிமீட்டரைக் கரண்ட் இருக்கும் ஒரு பிளக்கில் வைத்து மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்தான். பிறகு பேனலில் மூன்று ஃபேஸுக்கும் நடுவில், ஒவ்வொரு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்தான். எல்லாம் பூஜ்யம். திரும்பவும் அந்த பிளக்கில் வைத்து மீட்டர் நடுவில் செத்துவிடவில்லை என்று உறுதி செய்துகொண்டான். பாடப் புத்தகத்தில் போட்டிருப்பது போல.

11 மணிக்கு மேல் டிஸ்பேட்சிலிருந்து ஷிப்ட் ஆபீசுக்கு போன் வந்திருக்கிறது. பேக்கிங் கன்வேயரை ஒரு அரை மணி நேரம் ஓட்டினால் லாரியை அனுப்பிவிடலாம் என்று. அந்தக் கன்வேயருக்கும் நாங்கள் வேலை செய்த பேனலுக்கும் ஒரே ஃபீடர். பலகையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு ஒருவர் எம்சிசி ரூமுக்குப் போனார், பூட்டைத் திறந்தார், ஹேண்டிலை மேலே தள்ளினார். எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த அறைக்கும் எங்கள் பேனலுக்கும் நடுவில் ஒரு முழு ஷெட் இருக்கிறது. கூப்பிட்டாலும் கேட்காது.

தம்பி அப்போது பேனலுக்குள் கரண்ட் நுழையும் செம்புப் பட்டையில், இன்கமர் பஸ்பாரில், ஒய் ஃபேஸ் போல்ட்டை 17 நம்பர் ஸ்பேனரால் இறுக்கிக்கொண்டிருந்தான். ஸ்பேனரின் வால் பக்கத்து ஃபேஸைத் தொட்டது. 415 வோல்ட். நான் இருபது அடி தள்ளி ஏணி மேல் நின்றிருந்தேன். வெடிச் சத்தம் எனக்குக் கேட்டதற்கு முன்னால் ஷெட்டின் சுவர் முழுக்க வெள்ளையாகத் தெரிந்தது. இறங்கி ஓடிப் போனபோது செம்பு கருகிய வாசனையும் முடி கருகிய வாசனையும் சேர்ந்து வந்தன. பிரேக்கர் ட்ரிப் ஆகியிருந்தது. அதனால்தான் அவன் உயிரோடு இருக்கிறான்.

அந்த ஸ்பேனர் என்னிடம்தான் இருக்கிறது. வால் பக்கம் சுண்டுவிரல் நகம் அளவுக்கு உருகி ஓடியிருக்கிறது. அது கெட்டி இரும்பு. அதன் பக்கத்தில் இருந்தது அவன் கை.

வலது கை முழங்கை வரைக்கும் தீக்காயம், கழுத்தில் கொஞ்சம். கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைக்குப் போகும் வழியெல்லாம் ஆம்புலன்ஸில் அவன் வலி என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. "அண்ணே, நான் மீட்டர் வச்சுப் பாத்தேன்ணே" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். தப்பு தன் மேல் இல்லை என்று யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்ற தவிப்பு அது. பத்து நாள் கழித்து விசாரணை அறிக்கை வந்தது. காரணம் என்ற இடத்தில் "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று எழுதியிருந்தது.

அய்யா, மீட்டர் வைத்த நிமிடத்தில் கரண்ட் இல்லை என்பதைத்தான் மீட்டர் சொல்லும். அதற்கு அடுத்த நிமிடமும், அதற்கு அடுத்த மணி நேரமும் கரண்ட் வராது என்று சொல்லக்கூடியது பூட்டு ஒன்றுதான். பூட்டின் சாவி எல்லோருக்கும் எட்டும்படி பலகையில் தொங்கினால் அந்தப் பூட்டால் என்ன பயன்?

"எமர்ஜென்சி அழுத்தியாச்சே, அப்புறம் எதுக்குப் பூட்டு?" என்று பலமுறை என்னைக் கேட்டிருக்கிறார்கள். பொறியியல் படித்தவர்களே கேட்டிருக்கிறார்கள். எமர்ஜென்சி ஸ்டாப் அழுத்தினால் கன்ட்ரோல் சர்க்யூட் அறுந்து, மோட்டாருக்குக் கரண்ட் விடும் கான்டாக்டர் சுவிட்ச் விழும், மோட்டார் நிற்கும். அவ்வளவுதான். பேனலின் இன்கமரில் 415 வோல்ட் அப்படியே நின்றுகொண்டிருக்கும். டச் ஸ்கிரீனில் ஸ்டாப் கொடுப்பதும் அப்படித்தான். மெயினை ஆஃப் செய்த பிறகும் ஆபத்து முழுதாகப் போய்விடாது. மோட்டார் வேகத்தை மாற்றும் விஎஃப்டி டிரைவின் உள்ளே கெப்பாசிட்டரில் 560 வோல்ட் டிசிக்கு மேல் தேங்கியிருக்கும். அது வடிய எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று டிரைவின் மேலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். பிஎல்சிக்கு யுபிஎஸ்ஸிலிருந்து தனியாகக் கரண்ட் வரும். பக்கத்துப் பேனலிலிருந்து இன்டர்லாக்குக்காக வந்த ஒரு ஒயரில் 230 வோல்ட் இருக்கும், அதை டிராயிங்கில் யாரும் காட்டியிருக்க மாட்டார்கள். இதையெல்லாம் தேடிக் கண்டுபிடிப்பது எங்கள் வேலை, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். எங்கள் முதுகுக்குப் பின்னால் ஒருவர் வந்து மெயினை ஆன் செய்வதைத்தான் எங்களால் பார்த்துக்கொள்ள முடியாது. அதற்குத்தான் சாவியைக் கேட்கிறோம்.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்வது இல்லை. மத்திய மின்சார ஆணையத்தின் 2023 ஆம் ஆண்டுப் பாதுகாப்பு விதிமுறைகள் உங்கள் பராமரிப்புப் பிரிவு அலமாரியில் இருக்கும். கரண்டை நிறுத்திப் பூட்டுப் போடும் லாக்அவுட் முறை உங்கள் பயிற்சி அறைச் சுவரில் வண்ணப் படமாகவே தொங்குகிறது. வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் ஒரு பூட்டு, ஒவ்வொரு பூட்டுக்கும் தனியாக ஒரே ஒரு சாவி என்று அந்தப் படத்திலேயே இருக்கிறது. ஹாஸ்ப் என்று ஒரு கவ்வி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரே பிரேக்கரில் அதை மாட்டி ஆறு பேர் ஆறு பூட்டுப் போடலாம். கடைசி ஆள் தன் பூட்டை எடுக்கும்வரை ஹேண்டில் அசையாது. சிஸ்டம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அந்த சிஸ்டத்துக்குள் வெளி ஆளுக்கு இடமில்லை, அதுதான் குறை. ஆனால் பேனலுக்குள் கை விடுவது பெரும்பாலும் வெளி ஆள்தான்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உங்களுடைய ஆர்டர் ஒரு பெரிய நிறுவனத்துக்குப் போகிறது. அவர்கள் எங்களுக்குத் தருகிறார்கள். நாங்கள் ஆள் பிடிக்கும் ஒருவரிடம் போகிறோம். அவர் தம்பியைக் கூட்டி வருகிறார். மேலே இருந்து கீழே வரும்போது பணம் ஒவ்வொரு படியிலும் குறைகிறது, ஆபத்து மட்டும் குறையாமல் அப்படியே வந்து சேர்கிறது. தம்பிக்கு இஎஸ்ஐ பதிவு இல்லை என்பது அடிபட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. அதில் எங்கள் பக்கத்துத் தப்பு பெரியது, ஒப்புக்கொள்கிறேன். இன்றைக்கு என் டீமில் இஎஸ்ஐ நம்பர் இல்லாத யாரையும் நான் உள்ளே கூட்டி வருவதில்லை. காலதாமதம் ஆனால் வாரத்துக்கு அரை சதவீதம் பிடித்தம் என்று எங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறது. பெர்மிட் தர நீங்கள் எடுத்துக்கொள்ளும் இரண்டு மணி நேரத்துக்கு அதில் கணக்கே இல்லை. உங்கள் லைன் நிற்கும் நாள்தான் எங்களுக்கு வேலை நாள் என்பதால் பொங்கலும் தீபாவளியும் எங்களுக்கு எம்சிசி ரூமில்தான். என் மகள் பிறந்து ஒன்பது வருடம் ஆகிறது. அவளோடு மூன்று தீபாவளிதான் கொண்டாடியிருக்கிறேன். 12 மணி நேரம் என்று சொன்ன ஷட்டவுன் மதியத்துக்குள் சுருங்கும்போது, அந்த அவசரம் முழுவதும் பேனலுக்குள் குனிந்திருக்கும் பையனின் தலையில்தான் இறங்குகிறது.

மன்னிக்கவும். கேட்க வந்தது ஒன்று, பேச்சு எங்கேயோ போய்விட்டது. உங்களுக்கும் நெருக்கடி இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். லாரி நிற்கும், வாடிக்கையாளர் கத்துவார், மேலிடம் கேள்வி கேட்கும். அன்றைக்கு ஹேண்டிலைத் தள்ளியவர்கூடக் கெட்டவர் இல்லை. ஆம்புலன்ஸ் கிளம்பும்போது கேட் பக்கம் நின்று அழுதுகொண்டிருந்தார். அவர் கைக்கு எட்டாத இடத்தில் அந்தச் சாவி இருந்திருந்தால் அவரும் தப்பித்திருப்பார். அவருக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

அவசரமாக லைனை ஓட்டியே ஆக வேண்டும் என்றால் எங்களிடம் வந்து சொல்லுங்கள். ஆட்களை வெளியே எடுப்போம், டூல்ஸை எண்ணிப் பார்ப்போம், கேபிள் முனைகளை மூடி டேப் சுற்றுவோம், கதவைச் சாத்துவோம், எங்கள் பூட்டை நாங்களே வந்து திறப்போம். அதற்கு இருபது நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிடத்தைத் தாருங்கள்.

தம்பியின் கையில் தோல் ஒட்டு சிகிச்சை முடிந்திருக்கிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இன்னும் சரியாக மடங்கவில்லை. ஒயர் முனையில் ஃபெரூல் மாட்டுகிறவனுக்கு அந்த இரண்டு விரல்தான் எல்லாம். போன வாரம் போன் செய்து, "அண்ணே, ஆயுதபூஜை ஷட்டவுனுக்கு நான் வரவாண்ணே, டிராயிங் பாத்து மார்க் பண்ணவாவது வரேன்" என்றான். வா என்று சொல்லியிருக்கிறேன்.

ஆயுதபூஜை விடுமுறையில் உங்கள் இடங்களில் மூன்று ஷட்டவுன் வேலை எங்களுக்கு இருக்கிறது. மூன்றுக்கும் கேட் பாஸ் பட்டியல் அனுப்பிவிட்டேன். அதில் டூல்ஸுக்குக் கீழே "சிவப்புப் பூட்டு 8, சாவி 8, ஹாஸ்ப் 2" என்று எழுதியிருக்கிறேன். போன தடவை செக்யூரிட்டி அதைக் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொண்டார். இந்தத் தடவை உள்ளே விடச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசர்