குழித்துறையிலிருந்து மகளுக்கு

அன்புள்ள மக்களே,

நூலக அறிவியல் முடித்த பிறகு வேலை கிடைக்குமா என்று கவலைப்பட்டு எழுதியிருந்தாய். நூலகர் தேர்வுகளை எழுது. ஆனால் அறிவிப்புக்காகக் காத்திருக்கும் காலத்தில், தேடவும் பகுக்கவும் அட்டவணையிடவும் நீ கற்றதையே கொண்டு சொந்தமாகத் தொழில் செய்யலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

முதல் வேலை நம் ஊரிலேயே இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்ததால், இங்குள்ள பழைய ஆதாரங்களில், அதாவது சொத்துப் பத்திரங்களில், பல மலையாளத்தில், கொல்லம் ஆண்டு என்னும் மலையாள ஆண்டுக் கணக்கைப் போட்டு எழுதப்பட்டவை. தமிழ் மட்டும் படித்த பேரப்பிள்ளைகளால் தாத்தாவின் ஒற்றி ஆதாரத்தைக்கூட வாசிக்க முடிவதில்லை. கொல்லம் 1102 சிங்க மாதம் என்றால் 824 கூட்டி 1926. அதே ஆண்டு மகர மாதம் என்றால் 825 கூட்டி 1927 என்று கணக்கிட வேண்டும். ஆதாரம் எழுதியே வாழ்ந்தவன் என்பதால் சொல்கிறேன்: ஒரு குடும்பத்தின் ஆதாரங்களையெல்லாம் ஸ்கேன் செய்து, தமிழில் பெயர்த்து, முன்னாதார எண், சர்வே எண், எல்லைகள், கைமாறிய பெயர்கள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அட்டவணையாக்கிக் கொடுத்தால், வழக்கறிஞரும் வங்கியும் அதன் அருமையை உடனே உணர்வார்கள். உரிமை யாருக்கு என்று மட்டும் நீ சொல்லாதே; அது வக்கீலின் வேலை. பிறர் வீட்டு ஆதாரத்தின் நகலை அவர்கள் அனுமதியின்றி உன் கணினியில் வைத்திருக்கவும் கூடாது.

அடுத்தது காப்புரிமை (பேட்டன்ட்) தேடல். மஞ்சள் காயத்தை ஆற்றும் என்பதற்கு 1995-இல் அமெரிக்காவில் கொடுக்கப்பட்ட காப்புரிமையை, நம் அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம் அது புதிதல்ல என்பதற்குப் பழைய நூல்களையும் ஆய்விதழ்களையும் சான்றாகக் காட்டி 1997-இல் ரத்து செய்ய வைத்தது. அந்தச் சான்றுகளைத் தேடி எடுப்பது உன் படிப்பைச் சேர்ந்த வேலைதானே? நீ வேதியியல் பட்டதாரி என்பதால் காப்புரிமை முகவர் தேர்வையும் எழுதலாம். அறிவியலோ பொறியியலோ படிக்காதவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. மார்த்தாண்டம் தேனுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரை முறைப்படி பயன்படுத்த விரும்பும் உற்பத்தியாளர், அங்கீகரிக்கப்பட்ட பயனராகத் தனியே பதிய வேண்டும். இதைத் தேனீ வளர்ப்பவர்களுக்கு எடுத்துச் சொல்லி, படிவத்துக்கு வேண்டிய விவரங்களைத் திரட்டித் தருவதும் கூலிக்குரிய சேவையே.

பள்ளி, ஆலய நூலகங்களுக்குக் கோஹா என்னும் நூலக நிர்வாக மென்பொருளை நிறுவிக் கொடுக்கலாம். மென்பொருள் இலவசம், நிறுவுவதற்கும் பழக்குவதற்கும் ஆண்டுப் பராமரிப்புக்கும் பணம் வாங்கு.

இரண்டை மட்டும் எவ்வளவு கொடுத்தாலும் செய்யாதே. ஒன்று, பிறருக்காக ஆய்வேடு எழுதுவது. மற்றது, கல்லூரி சந்தா கட்டிய தரவுத்தளத்திலிருந்து கட்டுரைகளை இறக்கி விற்பது. மேற்கோள்களைச் சரிபார்க்கலாம், தேடும் முறையைக் கற்றுக்கொடுக்கலாம். அதற்கு மேல் போகாதே.

சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. தொடக்கத்திலேயே கடன் வாங்க வேண்டாம். ஒரு ஸ்கேனரும் கணினியும் போதும். மணிக்கு இவ்வளவு என்று இல்லாமல் ஆதாரத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி, என்னென்ன செய்து தருவாய் என்பதை ரசீதிலேயே எழுதிக் கொடு.

பனச்சமூட்டுச் சித்தப்பா தம் வீட்டு ஆதாரங்களை உன்னிடம் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். ஓண விடுமுறைக்கு வருவதற்குள் கையெழுத்து மலையாளத்தை வாசித்துப் பழகிக்கொள். அச்செழுத்து மட்டும் தெரிந்தால் போதாது.

அன்புடன்,
அப்பா