யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காத ஊரில்

உ
சிவமயம்

காரைக்குடி

அன்புள்ள மகளுக்கு,

அப்பச்சி எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். நீ அனுப்பிய ரெஸ்யூமை அச்செடுத்து, கையில் பென்சிலை வைத்துக்கொண்டு நிதானமாகப் படித்தேன். போனில் சொன்னால் "சரி அப்பச்சி" என்பாய், பேச்சோடு போய்விடும். அதனால்தான் கடிதம். இத்தனை இடங்களுக்கு அனுப்பியும் ஒருவர்கூடக் கூப்பிடவில்லை என்று அன்று இரவு நீ சொன்னது எனக்கு மனத்தை அறுத்துக்கொண்டே இருக்கிறது. உனக்குத் தகுதி இல்லாமல் இல்லை. நீ செய்த வேலை எதுவும் அந்தத் தாளில் இல்லை. குறை அவ்வளவுதான், அதைச் சரிசெய்துவிடலாம்.

நம் பக்கத்தில் இந்தத் தொல்லை ஏன் கூடுதல் என்று யோசித்துப் பார்த்தேன். என் ஐயா பர்மாவுக்கு, கடையில் ஆரம்ப நிலை வேலையான பெட்டியடிப் பையனாகக் கப்பல் ஏறியபோது அவர் கையில் விண்ணப்பம் எதுவும் இல்லை. எந்த ஊர், எந்தக் கோயில், யார் மகன் என்று கேட்டார்கள். அது போதும். பையன் தவறு செய்தால் ஊரில் ஒரு குடும்பமே தலைகுனிய வேண்டும் என்பதால் அந்தப் பெயரே ஜாமீன். பிறகு அடுத்தாள், அதன்பின் மேலாள் என்று அவர் உயர்ந்ததும் பக்கத்தில் இருந்து வேலையைப் பார்த்தவர்களின் வாய்ச்சொல்லால்தான். இன்றைக்கும் காரைக்குடியில் நீ ஒரு கடைக்குள் நுழைந்தால் "யார் வீட்டுப் பிள்ளை?" என்பதுதான் முதல் கேள்வி. பதில் சொன்னவுடன் பாதி வேலை முடிந்துவிடும். சென்னையில் உன் மின்னஞ்சலைத் திறக்கும் அந்த அதிகாரிக்கு நம் வீடும் தெரியாது, ஊரும் தெரியாது. தெரியாத ஒருவரிடம் நம்மை நாமே அறிமுகப்படுத்திக்கொள்ளும் பழக்கம் நமக்கு வாய்க்கவே இல்லை. வாய்க்காததால், நல்ல குணங்களை எல்லாம் வரிசையாக அடுக்கி வைத்துவிடுகிறோம்.

எங்கள் அலுவலகத்துக்கு வரும் விண்ணப்பங்களை முதலில் பார்ப்பவன் நான் என்பது உனக்குத் தெரியும். கடின உழைப்பாளி, குழுவோடு இணைந்து பணியாற்றுபவர், எதையும் விரைவில் கற்றுக்கொள்பவர். இந்த மூன்றும் இல்லாத விண்ணப்பத்தை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். எல்லோரும் எழுதுவதால் அது யாரையும் காட்டுவதில்லை. கண் அதைத் தாண்டி ஓடிவிடுகிறது. நீயும் தாளின் உச்சியில், நல்ல இடத்தில், அதையே மூன்று வரி எழுதியிருக்கிறாய். அடித்துவிடு. கீழே என் பெயர், மதம், திருமணம் ஆகவில்லை என்ற விவரம், "மேற்கண்டவை அனைத்தும் உண்மை என உறுதி கூறுகிறேன்" என்ற வாசகம், கையெழுத்து. அரசு வேலைக்கான படிவத்தில் இவற்றைக் கேட்பார்கள், அங்கே நிரப்பிக் கொடுக்க வேண்டியதுதான். தனியார் நிறுவனத்துக்கு இவை வேண்டியதில்லை. இதையெல்லாம் எடுத்தால் கால் பக்கம் மிச்சமாகும். அந்தக் கால் பக்கத்தில்தான் உன் வேலை வர வேண்டும்.

தேவகோட்டை ஆடிட்டர் அலுவலகத்தில் பயிற்சியில் இருந்ததை "ஜிஎஸ்டி, டேலி" என்று இரண்டே சொற்களில் முடித்துவிட்டாய். எனக்கு அங்கேதான் வருத்தம். நீ என்ன செய்தாய் என்பதை நான் பார்த்திருக்கிறேன். மாதம் 14ஆம் தேதி, விற்றவர்கள் ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றிய பில்களின் பட்டியலான ஜிஎஸ்டிஆர் 2பி வந்ததும் வீட்டுக்கு வரும் நேரமே மாறிவிடும். 20ஆம் தேதிக்குள் மாத வரிக் கணக்கான 3பியைத் தாக்கல் செய்தாக வேண்டும். நடுவில் இருக்கும் அந்தச் சில நாட்களில் அரிசி ஆலை, நகைக்கடை, ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை என்று ஒவ்வொருவரின் கொள்முதல் பதிவேட்டையும் 2பியோடு வரி வரியாக ஒத்துப் பார்ப்பாய். 2022 ஜனவரியிலிருந்து 2பியில் வராத பில்லுக்கு உள்ளீட்டு வரி வரவு, அதாவது கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமை, எடுக்க முடியாது என்று ஆகிவிட்ட பிறகு, விடுபட்ட ஒவ்வொரு பில்லும் அந்த வியாபாரியின் கையிலிருந்து போகும் பணம். டைல்ஸ் பட்டறைக்கு ஆக்சைடு நிறப்பொடி விற்ற மதுரைக் கடைக்காரர் பில்லை ஏற்றாமல் விட்டுவிட்டார் என்று நீ அவருக்கு விடாமல் போன் செய்து, அவர் சலித்துக்கொண்டபோதும் மரியாதை குறையாமல் பேசி, அடுத்த தாக்கலில் அதைச் சேர்க்க வைத்தாயே, அது எங்கே? பட்டறைக்காரர் வந்து நன்றி சொன்னது எங்கே?

அந்த இரண்டு சொற்களுக்குப் பதிலாக இப்படி எழுது, ஆங்கிலத்தில் நீ மாற்றிக்கொள்: "மாதந்தோறும் இத்தனை வாடிக்கையாளர்களின் கொள்முதல் பதிவேட்டை ஜிஎஸ்டிஆர் 2பியுடன் ஒப்பிட்டு, விடுபட்ட பில்களைக் கண்டறிந்து, விற்பனையாளர்களைத் தொடர்புகொண்டு பதிவேற்றச் செய்து, 3பி தாக்கலுக்கான கணக்கைத் தயாரித்தேன்." எத்தனை பேர் என்ற எண்ணை நீதான் சரியாக எண்ணிப் போட வேண்டும். ஒன்றுகூடக் கூட்டிப் போடாதே. இந்த ஒரு வரியைப் படிப்பவருக்கு நீ கடின உழைப்பாளி என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, அவரே புரிந்துகொள்வார்.

ஐந்தொகையில், அதாவது பேலன்ஸ் ஷீட்டில், ஒரு தொகை இருந்தால் அதற்குப் பேரேட்டில் ஒரு பக்கம் இருக்க வேண்டும் என்று சிறு வயதிலேயே உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். ரெஸ்யூமும் அதே கணக்குதான். எக்செல் நன்றாகத் தெரியும் என்று எழுதினால், தரவைத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிளை நேரில் போட்டுக் காட்டச் சொல்வார்கள், காட்டத் தெரிய வேண்டும். உன் விடுதியில் யாரோ பணம் வாங்கிக்கொண்டு அனுபவச் சான்றிதழ் தயாரித்துத் தருவதாகச் சொன்னாய் அல்லவா, அந்தப் பக்கமே போகாதே. நம் வீட்டுக்கு அது ஆகாது என்பது ஒன்று. இன்னொன்று, அது நிற்காது. வேலைக்கு எடுத்த பிறகும் பின்னணியைச் சரிபார்க்கிறார்கள். வருங்கால வைப்பு நிதியில் 2014இல் வந்த, வேலை மாறினாலும் மாறாத யுஏஎன் எண்ணை வைத்துப் பார்த்தால், யார் எந்த நிறுவனத்தில் எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை இருந்தார்கள் என்பது தெரிந்துவிடும். சேர்ந்த பிறகு வெளியே அனுப்பினால் அந்தக் கறை அடுத்த வேலைக்கும் கூடவே வரும்.

வடிவத்தைப் பற்றிக் கொஞ்சம். நீ எடுத்த மாதிரியில் பக்கத்தை நெடுக்காகப் பிரித்த இரண்டு பத்திகள், புகைப்படம், திறமைக்கு நட்சத்திரக் குறிகள் எல்லாம் இருக்கின்றன. பார்க்க அழகுதான். ஆனால் பெரிய நிறுவனங்களில் மனிதர் பார்ப்பதற்கு முன் ஒரு மென்பொருள் அதைப் படித்து விவரங்களைப் பிரித்துப் போடுகிறது. இரண்டு பத்திகளும் கட்டங்களும் இருந்தால் அது வரிகளைக் குழப்பிவிட வாய்ப்பு உண்டு, நட்சத்திரங்கள் அதற்குப் புரியாது. பக்கத்தைப் பிரிக்காத ஒரே பத்தி, சாதாரண எழுத்துரு, படிப்பு, அனுபவம் என்று வழக்கமான தலைப்புகள், ஒரே பக்கம். உன் வயதுக்கு அது போதும். விளம்பரத்தில் அவர்கள் எந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார்களோ, அந்த வேலையை நீ உண்மையிலேயே செய்திருந்தால் அதே சொல்லையே போடு. பிடிஎஃப் ஆக அனுப்பு. கோப்புக்கு "ரெஸ்யூம் புதியது ஃபைனல்" என்று பெயர் வைக்காமல் உன் பெயரையும் பதவியையும் வை.

ரெஸ்யூமோடு சேர்த்து அனுப்பும் கவரிங் லெட்டர் விஷயம்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ரெஸ்யூமில் இருப்பதையே நீ அதில் திரும்ப எழுதியிருக்கிறாய். எல்லா நிறுவனத்துக்கும் ஒரே கடிதம் போயிருக்கிறது என்பதும் படித்தவுடன் தெரிகிறது. வேறு நிறுவனத்தின் பெயரை மாற்ற மறந்து எங்களுக்கு வந்த கடிதங்களை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் படிக்க மனம் வராது. அந்தக் காலத்தில் ஊர்ப் பெரியவர் "இந்தப் பையன் உங்களுக்கு இன்ன வகையில் பயன்படுவான்" என்று ரங்கூனுக்கு எழுதிய சிபாரிசுக் கடிதத்தின் வேலையை இப்போது நீயே உனக்காகச் செய்ய வேண்டியிருக்கிறது. அரைப் பக்கம் போதும். "தங்கள் விளம்பரத்தில் விற்பனையாளர் கணக்குகளை ஒத்துப் பார்க்க ஆள் தேவை என்று கண்டேன். அந்த வேலையைத்தான் தேவகோட்டையில் மாதந்தோறும் செய்துவந்தேன்" என்று நேரே தொடங்கு. பிறகு அந்த மதுரைக் கடைக்காரர் கதையை, அவர் பெயரோ கடைப் பெயரோ இல்லாமல், மூன்று வாக்கியத்தில் சொல். எப்போது சேர முடியும் என்று சொல்லி முடித்துவிடு. பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன், கருணை கூர்ந்து என்றெல்லாம் வேண்டாம். உன் உழைப்புக்கு அவர்கள் சம்பளம் தரப்போகிறார்கள், அதில் கருணைக்கு என்ன இடம்?

அப்பத்தா படுக்கையில் இருந்த அந்த ஓராண்டை நீ மறைக்கப் பார்த்திருக்கிறாய், மாதங்களை எடுத்துவிட்டு வருடத்தை மட்டும் போட்டிருக்கிறாய். மறைக்காதே. மாதத்தோடு போடு. கேட்டால், "வீட்டில் பாட்டியைக் கவனித்துக்கொள்ள ஓராண்டு எடுத்துக்கொண்டேன், இப்போது முழுநேர வேலைக்குத் தயாராக இருக்கிறேன்" என்று சொல்லி நிறுத்திக்கொள். அதற்கு மேல் விளக்கம் கொடுத்தால் மன்னிப்புக் கேட்பதுபோல ஆகிவிடும். அந்த ஓராண்டு நீ செய்ததை நாங்கள் எவரும் மறக்கமாட்டோம், நீயும் அதற்காகக் குறுகிப்போகாதே.

இனி நேர்காணல். ஆங்கிலத்தில் பேச வராது என்று நீயே உனக்குத் தீர்ப்பு எழுதி வைத்திருக்கிறாய். நம் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரியின் இயக்குநராக இருந்த கலைச்செல்வி அம்மாவை நினைத்துப் பார். அம்பாசமுத்திரத்துக்காரர், பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர். 2019இல் சிக்ரிக்கு முதல் பெண் இயக்குநர். 2022 ஆகஸ்டில், நாடு முழுதும் இத்தகைய ஆய்வகங்களை நடத்தும் சிஎஸ்ஐஆர் அமைப்புக்கே தலைமை இயக்குநர், அந்தப் பதவியில் முதல் பெண் அவர்தான். தமிழில் படித்தது அவருக்குத் தடையாகவில்லை. உனக்குத் தேவை சிறு வாக்கியங்கள். நீண்ட வாக்கியத்தில் இறங்கினால்தான் நடுவில் தடுமாறுகிறாய்.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பதற்கு ஊர், பெற்றோர், பொழுதுபோக்கு என்று பள்ளியில் ஒப்பித்ததைச் சொல்லாதே. படிப்பு ஒரு வாக்கியம், ஆடிட்டர் அலுவலகம் மூன்று வாக்கியம், இந்த வேலைக்கு ஏன் வந்தாய் என்பது ஒரு வாக்கியம். சிக்கலைச் சமாளித்த அனுபவம் கேட்டால், என்ன நிலைமை, உன் பொறுப்பு என்ன, நீ என்ன செய்தாய், என்ன ஆயிற்று என்ற வரிசையில் சொல். "நாங்கள் செய்தோம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டே போகாதே. அடக்கம் நல்லதுதான், ஆனால் அவர்கள் வேலைக்கு எடுப்பது உன்னை. உன் பங்கு எது என்று தெரிய வேண்டும். தெரியாத கேள்வி வந்தால் தெரியாது என்று சொல், எங்கே பார்த்துத் தெரிந்துகொள்வேன் என்றும் சொல். சட்டத்தில் மாற்றம் வந்துகொண்டே இருக்கும் துறையில் அந்தப் பதிலுக்கு மதிப்பு உண்டு. சம்பளம் கேட்டால் தலையைக் குனிந்து "நீங்கள் பார்த்துச் செய்யுங்கள்" என்று சொல்லிவிடாதே. சென்னையில் அதே வேலைக்கு என்ன தருகிறார்கள் என்று முன்கூட்டியே விசாரித்து, இவ்வளவு முதல் இவ்வளவு வரை என்று சொல். கடைசியில் கேள்வி இருக்கிறதா என்பார்கள். முதல் மூன்று மாதத்தில் என்னிடம் என்ன எதிர்பார்ப்பீர்கள் என்று கேள். நான் இருக்கும் மேசையில் அப்படி ஒருவர் கேட்டால், எனக்கு அவர்மேல் நம்பிக்கை வரும். வீடியோவில் பேசுவதாக இருந்தால் கேமரா கண் மட்டத்தில் இருக்கட்டும், வெளிச்சம் முன்னாலிருந்து வரட்டும், மின்சாரம் போனால் பேச அவர்கள் எண்ணை முன்பே வாங்கி வைத்துக்கொள்.

வேலை தருகிறோம், முன்பணம் கட்டு என்று எவர் சொன்னாலும் அங்கேயே விட்டுவிடு. வெளிநாடு என்றால் ஏஜெண்டு வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவரா என்று அந்த அமைச்சகத்தின் இமைக்ரேட் இணையதளத்தில் பார்க்க வேண்டும். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளை 2022இல் மியான்மரிலிருந்து மீட்டுக்கொண்டு வர வேண்டியிருந்தது. ஐயா போய்ப் பிழைத்த அதே பர்மாதான் இன்றைய மியான்மர். அவர் போன இடத்தில் அவரை அறிந்தவர்கள் இருந்தார்கள்.

ரெஸ்யூமைத் திருத்தி வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு அனுப்பு. பழைய ஆடிட்டரிடம் உன் வேலையைப் பற்றிக் கேட்டு யாராவது அழைத்தால் பேசுவாரா என்று நீயே கேட்டு, சம்மதம் வாங்கிக்கொள். சொல்லாமல் அவர் பெயரைப் போடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலை நான் வீடியோவில் அழைத்து, உன்னைத் தெரியாதவனாக உட்கார்ந்து கேள்வி கேட்கிறேன். உன் ஆத்தாவும் பக்கத்தில் இருப்பாள், நீ வேகமாகப் பேசினால் கையைக் காட்டுவாள். முதல் கேள்வி அந்த நிறப்பொடி பில்லைப் பற்றியது. பதிலைத் தயார் செய்து வை.

உன் அப்பச்சி