அண்ணனின் கால் வலி பற்றி

திருச்சி
ஞாயிறு காலை

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. காவ்யாவுக்கு நர்சிங்கில் இடம் கிடைத்ததைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. அவளுக்கு என் ஆசி. இங்கே அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மற்றதெல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம். இன்று அண்ணனுடைய கால் விஷயம்தான்.

வலி இடது பிட்டத்தில் கிளம்பி, தொடையின் வெளிப்பக்கமாக இறங்கி, கெண்டைக்கால் ஓரம் வழியே புறங்காலுக்கு வந்து கட்டைவிரலில் நிற்கிறது. தும்மினால் சுரீர் என்கிறது. பஸ் சீட்டில் உட்கார்ந்தால் கூடுகிறது, நடந்தால் கொஞ்சம் தேவலை. இப்படி நீ விவரமாக எழுதியதே பெரிய உதவி. ஸ்கேனில் எல்4–எல்5 டிஸ்க், அதாவது கீழ் முதுகின் நாலாவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே உள்ள மெத்தை, பிதுங்கியிருப்பதாகப் போட்டிருக்கிறார்கள் என்றாய். வலி ஓடும் பாதையும் அந்த இடமும் ஒத்துப்போகின்றன. அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இந்த வலி ஓடுவது சியாட்டிக் நரம்பின் வழியே, அதனால்தான் இதைச் சியாட்டிகா என்பார்கள். அது உடம்பிலேயே தடித்த நரம்பு. கீழ் முதுகில் எல்4 முதல் எஸ்3 வரையுள்ள ஐந்து நரம்பு வேர்கள் (எல் என்பது கீழ் முதுகு எலும்பு, எஸ் என்பது அதற்குக் கீழே உள்ளது) சேர்ந்து, கிட்டத்தட்ட விரல் தடிமனுக்குப் பிட்டத்தின் ஆழத்தில் இறங்குகிறது. எல்4 வேர் அந்த டிஸ்க்குக்கு மேலேயே வெளியேறிவிடும். அதனால் எல்4–எல்5 டிஸ்க் பின்பக்க ஓரமாகப் பிதுங்கினால் பெரும்பாலும் மாட்டுவது அடுத்துக் கீழே இறங்கும் எல்5 வேர். கட்டைவிரல் வரை போகும் வலி அதனுடையது. ஒரு டிஸ்க் கீழே, எல்5–எஸ்1-இல் பிதுங்கியிருந்தால் எஸ்1 வேர் மாட்டும். அப்போது வலி கெண்டைக்காலின் பின்புறமாக இறங்கிச் சுண்டுவிரல் பக்கம் போயிருக்கும்.

நம் ஊரில் இதை 'ஜவ்வு விலகிடுச்சு' என்பார்கள். அந்தச் சொல்தான் பாதிப் பயத்துக்குக் காரணம். டிஸ்க் எங்கேயும் விலகுவதில்லை. மேலும் கீழும் உள்ள எலும்போடு இறுக ஒட்டியிருக்கிறது. வெளிவளையம் நைந்த இடத்தில் உள்ளேயுள்ள கூழ் பிதுங்குகிறது, அவ்வளவுதான். அந்தக் கூழ் நரம்பு வேரில் பட்டால் அழுத்தம் மட்டுமல்ல, ரசாயன அழற்சியும் வரும். சின்னப் பிதுக்கம் சிலருக்கு உயிர் போகிற வலி தருவதும், பெரிய பிதுக்கத்தோடு சிலர் நிம்மதியாக நடமாடுவதும் அதனால்தான். 1994-இல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 52 சதவீதம் பேருக்கு ஒரு டிஸ்க்காவது புடைத்திருந்தது. ஆகவே ரிப்போர்ட்டில் உள்ள பயங்கர வார்த்தைகளை அண்ணனுக்கு வாசித்துக் காட்டாதே. ஸ்கேனை விட அவர் கால் சொல்வதுதான் முக்கியம்.

அந்தக் காலை நீயே பரிசோதிக்கலாம். அவரை மல்லாக்கப் படுக்க வைத்து, இரண்டு கட்டைவிரல்களின் நகத்தின் மேலும் உன் விரலை வைத்து, "என் கையை எதிர்த்து மேலே தூக்குங்க" என்று சொல். வலது விரல் கல் மாதிரி நின்று இடது விரல் உன் கைக்குக் கீழே வளைந்து போனால் எல்5 வேர் பலம் இழந்திருக்கிறது. பிறகு குதிகாலால் பத்து அடி நடக்கச் சொல். இடது முன்பாதம் தொப்பென்று தரையில் விழுகிறதா என்று பார். நுனிக்காலிலும் நடக்கச் சொல். அது எஸ்1-க்கான சோதனை. வாரம் இரண்டு முறை பார்த்து நோட்டில் குறித்து வை. வலி எவ்வளவு என்பதை விட, பலம் குறைந்துகொண்டே போகிறதா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். பாதம் தூக்க முடியாமல் தொங்க ஆரம்பித்தால் வலி குறைந்திருந்தாலும் சந்தோஷப்படாதே. உடனே டாக்டரிடம் போ.

இன்னொன்றை நீ மனப்பாடமாக வைத்துக்கொள். சைக்கிள் சீட் படும் இடம் மரத்துப்போனால், சிறுநீர் வராமல் அடைத்தாலோ தெரியாமல் கசிந்தாலோ, மலம் அடக்க முடியாமல் போனால், இரண்டு காலுக்கும் வலியோ பலவீனமோ பரவினால், விடியும் வரை காத்திருக்காதே. ராத்திரி இரண்டு மணியானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடு. முதுகுத்தண்டின் அடியில் உள்ள நரம்புக் கொத்து முழுவதும் நெரிபடுவதற்கான அறிகுறி அது. ஆபரேஷன் தள்ளிப்போனால் சிறுநீர்ப்பையின் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம். சாயங்காலக் காய்ச்சல், எடை இறங்குவது, படுத்தாலும் குறையாத ராத்திரி வலி இருந்தால் முதுகெலும்பு டி.பி. போன்றவை இல்லையென்று உறுதி செய்த பிறகுதான் யாரும் முதுகில் கை வைக்க வேண்டும்.

இனி நீ கேட்ட ஆஸ்டியோபதி, அதாவது எலும்பு மூட்டுகளையும் தசைகளையும் கையால் அசைத்துத் தளர்த்தும் சிகிச்சை. அமெரிக்காவில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற டாக்டர் 1874-இல் ஆரம்பித்தது. 1892-இல் மிசௌரியின் கிர்க்ஸ்வில் ஊரில் முதல் கல்லூரி தொடங்கினார். இன்று அமெரிக்காவில் அதைப் படித்தவர்கள் மருந்து, ஆபரேஷன் எல்லாம் செய்யும் முழு டாக்டர்கள். இங்கிலாந்தில் கையால் சிகிச்சை தருபவர்கள். 1993 சட்டப்படி பதிவு செய்தவர் மட்டுமே அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். நம் ஊரில் போர்டில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் நம்பிவிடாதே. என்ன படித்தார், எத்தனை வருடம், பிசியோதெரபி அடிப்படை உண்டா என்று கூச்சப்படாமல் கேள். உன்னிடம் ஒருவர் "பத்து சிட்டிங்கில் டிஸ்க்கை உள்ளே தள்ளிவிடுகிறேன், முன்பணம் கட்டுங்கள்" என்றாராமே. அவரிடம் போகவே வேண்டாம். எந்தக் கையாலும் டிஸ்க்கை உள்ளே தள்ள முடியாது. மளுக்கென்று கேட்கும் சத்தம் மூட்டுத் திரவத்தில் உண்டாகும் வாயுக் குமிழியுடையது. எலும்பு இடத்தில் உட்கார்ந்த சத்தமில்லை.

அப்படியானால் கையால் என்னதான் ஆகும்? வேர் எரிச்சலில் இருக்கும்போது முதுகும் பிட்டமும் காவலுக்கு நிற்பது போல இறுகிவிடும். அந்த இறுக்கம் நரம்பு நகரும் இடத்தைக் குறைக்கும், தூக்கத்தைக் கெடுக்கும், நடக்க விடாது. அதைத் தளர்த்தி நடக்க வைப்பதுதான் வேலை. பிதுங்கிய கூழை உடம்பே மெல்ல மெல்லக் கரைத்துக்கொள்ளும். அதுவரை ஆளை அசைவோடு வைத்திருக்கிறோம்.

நல்லவர் என்றால் முதல் நாள் பாதி நேரம் பரிசோதனைக்கே போகும். காலை நீட்டியபடி தூக்கிப் பார்ப்பார் (30 முதல் 70 டிகிரிக்குள் கால் வழியே வலி ஓடினால் வேர் சம்பந்தப்பட்டது), முட்டியிலும் குதிகாலிலும் சுத்தியலால் தட்டுவார், ஊசி முனையால் தொட்டுப் பார்ப்பார். பிறகு அண்ணனை வலது பக்கமாகச் சாய்த்து, இடுப்புக்கு அடியில் சுருட்டிய துண்டு வைப்பார். மேலே இருக்கும் இடது பக்கத்தில் எலும்புகளுக்கு இடையேயுள்ள நரம்புத் துவாரம் அதனால் சற்றே திறக்கும். அப்படியே இடுப்பைத் தொட்டில் ஆட்டுவது போல மெதுவாக, இரண்டு மூன்று நிமிடம் அசைப்பார். பலர் முதல் நிம்மதிப் பெருமூச்சு விடுவது இந்தக் கட்டத்தில்தான்.

அடுத்து பிட்டத்தின் ஆழத்தில் இருக்கும் பிரிஃபார்மிஸ் தசை. நரம்பு வழக்கமாக அதன் அடியில்தான் வெளியே வருகிறது. குப்புறப் படுக்க வைத்து, இடது காலை மேசை ஓரத்தில் மடக்கித் தொங்கவிட்டு, விரல் வைத்த இடத்தில் வலி மறையும் கோணத்தைத் தேடி, அங்கே 90 விநாடி அசையாமல் பிடித்திருந்து மெதுவாகத் திருப்பி வைப்பார். இன்னொரு முறையில், முட்டியை அவர் கைக்கு எதிராக ஐந்து விநாடி தள்ளச் சொல்லுவார். முழுப் பலத்தோடு வேண்டாம், ஐந்தில் ஒரு பங்கு போதும். பிறகு தளர்த்தியதும் கிடைக்கும் கொஞ்ச இடத்துக்குக் காலை நகர்த்தி, மூன்று முதல் ஐந்து முறை செய்வார். கெடுவது இங்கேதான். அவசரக்காரர்கள் தசையை நீட்டுகிறேன் என்று எரிகிற நரம்பையே இழுத்துவிடுவார்கள், ராத்திரி முழுக்கக் கால் கொதிக்கும். பலம் குறைந்த காலோடு வந்தவருக்கு இடுப்பைச் சட்டென்று முறுக்கி நெட்டி எடுக்கும் முறையும் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. முதுகில் ஏறி மிதிப்பதையும் யாரிடமும் அனுமதிக்காதே.

இதில் ஆராய்ச்சி அதிகமில்லை. 2000-இல் இங்கிலாந்தில், டிஸ்க் பிதுக்கத்தால் சியாட்டிகா வந்த 40 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேருக்கு ஆஸ்டியோபதி. பாதிப் பேருக்கு டிஸ்க்கைக் கரைக்கும் ஊசி. பப்பாளிப் பாலில் இருந்து எடுக்கும் நொதி அது. முதல் சில வாரங்களில் முதுகுவலியில் ஆஸ்டியோபதிக்காரர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வருடத்தில் இரு பக்கமும் சமம். சின்ன ஆய்வுதான், ஆனாலும் நேர்மையான அளவுகோல். இங்கிலாந்து அரசின் 2016 வழிகாட்டுதலும் கைச்சிகிச்சையை உடற்பயிற்சியோடு சேர்த்துத்தான் தரச் சொல்கிறது, தனியாக அல்ல. நம் ஊரில் எடை கட்டி இடுப்பை இழுத்து வாரக்கணக்கில் போடும் டிராக்‌ஷனையும் இடுப்பு பெல்ட்டையும் வேண்டாம் என்கிறது.

சிகிச்சைக்குப் பின் ஒன்றிரண்டு நாள் முதுகில் அசதி இருக்கும், பரவாயில்லை. வலி பாதத்திலிருந்து முட்டிக்கும், முட்டியிலிருந்து பிட்டத்துக்கும் ஏறினால் நல்ல அறிகுறி, முதுகில் கொஞ்சம் கூடியிருந்தாலும் சரி. கீழே இறங்கினாலோ புதிதாக மரத்தாலோ அந்த முறையை நிறுத்தச் சொல். நாலு தடவைக்குள் எந்த மாற்றமும் இல்லையென்றால் ஐந்தாவதுக்குப் பணம் கட்டாதே.

வீட்டில் செய்ய வேண்டியதுதான் அதிகம். ராத்திரியில் டிஸ்க் நீர் ஊறிப் புடைத்திருக்கும். அதனால் எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனியவே கூடாது. குடம் தூக்குவது, ஷூ லேஸ் கட்டுவது எல்லாம் பிறகு. இந்தியன் டாய்லெட் இரண்டு மாதத்துக்கு வேண்டாம். ஸ்டூல் மாதிரி கிடைக்கும் கழிப்பறை நாற்காலி வாங்கி வை. மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள், முக்கினால் வேரில் அழுத்தம் ஏறும். படுக்கும்போது ஒருக்களித்து, முட்டிகளுக்கு நடுவே தலையணை. முழு நாளும் படுத்திருக்க வேண்டாம். ஐந்து பத்து நிமிட நடை, ஒரு நாளில் ஐந்தாறு முறை.

நரம்பை நழுவ விடும் பயிற்சி ஒன்று எழுதுகிறேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இடது முட்டியை நீட்டும்போது தலையை அண்ணாந்து பார்க்க வேண்டும். முட்டியை மடக்கும்போது தலையைக் குனிய வேண்டும். ஒரு முனை இழுபடும்போது மறுமுனை விட்டுக்கொடுப்பதால் நரம்பு விறைக்காமல் வழுக்கிப் போகும். வலி தொடங்கும் இடத்துக்கு முன்பே நிறுத்தி, பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. தலையும் காலும் மாறிப்போனால் அதுவே நரம்பை இழுக்கும் பயிற்சியாகிவிடும். முதல் நாள் நீ பக்கத்தில் நின்று பார். துண்டைப் பாதத்தில் மாட்டிக் காலை மேலே இழுக்கும் பயிற்சி யூடியூபில் நிறைய வரும். இப்போது அது கூடாது.

டிரைவர் வேலையில் ஆறு வாரமாவது வண்டி ஓட்டாத டியூட்டி கேட்கச் சொல். நீண்ட நேர உட்காரல், இன்ஜின் அதிர்வு, நாளெல்லாம் இடது காலால் கிளட்ச் மிதிப்பது, மூன்றும் அந்த வேருக்கு ஆகாது. பின் பாக்கெட் பர்ஸை முன் பாக்கெட்டுக்கு மாற்றட்டும். நரம்பு வலிக்கென்று பிரிகாபலின் மாத்திரை தருகிறார்கள் என்றாய். 2017-இல் ஆஸ்திரேலியாவில் 209 பேரிடம் செய்த சோதனையில் வெற்று மாத்திரையை விட அது சியாட்டிகாவைக் குறைக்கவில்லை, தலைச்சுற்றல்தான் கூடியது. டிரைவருக்கு அது ஆபத்து. நீயாக நிறுத்தாதே, டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்கட்டும்.

பெரும்பாலோருக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்தில் வலி அடங்கும். அண்ணனுக்கு இது ஐந்தாவது வாரம். ஆபரேஷன் பற்றிய பயத்துக்கும் ஒரு கணக்கு சொல்கிறேன். நெதர்லாந்தில் 283 பேரை வைத்து 2007-இல் வெளியான ஆய்வில், சீக்கிரம் ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி வேகமாகக் குறைந்தது. வருடக் கடைசியில் இரு தரப்பும் ஒரே இடத்தில். காத்திருந்தவர்களிலும் பத்தில் நாலு பேர் கடைசியில் ஆபரேஷனுக்குப் போனார்கள், அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கால் பலமாக இருந்தால் காத்திருக்கலாம். பன்னிரண்டு வாரமாகியும் தூங்க முடியாமல் தவித்தால் முதுகெலும்பு சர்ஜனைப் பார்ப்பதில் தப்பே இல்லை.

கட்டைவிரல் சோதனையை இன்றைக்கே செய்துவிட்டு, இரண்டு பக்கமும் எப்படி இருந்தது என்று ராத்திரிக்குள் போனில் சொல். பத்து மணிக்கு மேல் ஆனாலும் பரவாயில்லை, நான் விழித்திருப்பேன்.

அன்புடன்,
உன் மல்லிகா